சைக்கிள்காரர்தான் வந்து மோதினார். பணம் நான் கொடுக்கணுமா?

சேர்மாதேவிக்காரன் | மார்ச் 8, இரவு 9.40

சட்டம் தெரிந்த அண்ணாச்சிமார் யாராவது வழி சொல்லுங்கள். நேற்றுச் சனிக்கிழமை, காலை ஆறேகால் மணி. பத்தமடையிலிருந்து சேர்மாதேவிக்குக் காரில் வந்துகொண்டிருந்தோம். ஓட்டியது என் தங்கச்சி மகன். 19 வயது, எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து ஒரு மாதம் ஆகிறது. நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். எனக்கு லைசென்ஸ் உண்டு.

பிசான அறுவடை நேரம் இல்லையா, ரோட்டின் இடது பாதியில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். அதற்காக வலது பக்கம் ஒதுங்கி, குவியலைத் தாண்டியதும் மறுபடி இடது பக்கம் வந்தோம். சரியாக அந்த இடத்தில்தான் கால்வாய்க் கரையிலிருந்து ஒரு மண்பாதை ரோட்டில் வந்து ஏறுகிறது. ஒரு பால்காரர் சைக்கிளில் அந்தப் பாதையிலிருந்து நிற்காமல் ஏறி, நேராக எங்கள் முன்பக்க இடது கதவில் மோதிவிட்டார். திரும்பச் சொல்கிறேன், அவர்தான் எங்கள் மேல் மோதினார். எங்கள் வேகம் 40 கூட இருக்காது.

சைடு மிரர் ஒயரில் தொங்கியது. கதவு உள்வாங்கிவிட்டது. அவர் நெல் குவியல் மேல் சாய்ந்து விழுந்தார். கேன் உருண்டு மூடி கழன்று, பால் முழுக்கத் தார்ப்பாய் மடிப்பில் தேங்கி நின்றது. அவருக்கு 52 வயது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. நாங்களே காரில் ஏற்றி சேர்மாதேவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து 108இல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கம்பி வைக்க வேண்டுமாம். கைச்செலவுக்கு 5,000 கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்று அவருடைய மச்சினரும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். 60,000 கொடுத்தால் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுகிறோம், போலீசுக்குப் போக வேண்டாம் என்கிறார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்டுக்குப் போன் போட்டால், உங்கள் பாலிசி போன வருசமே முடிந்துவிட்டது என்கிறார். அப்படியே கேஸ் ஆனாலும் பையன் ஓட்டினான் என்று சொல்லாதீர்கள், நீங்கள் ஓட்டினதாகச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

வந்து மோதினவருக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? என் கதவுக்கு யார் கொடுப்பது? 60,000 கொடுத்தால் இதோடு முடியுமா?

ஷார்ஜா நெல்லை | மார்ச் 8, இரவு 10.05

கொடுத்து முடித்துவிடுங்கள் நண்பரே. 60 கேட்டால் 40இல் நிற்பார்கள். போலீஸ், கோர்ட் என்று போனால் வண்டியை ஸ்டேஷனில் வெயிலில் போட்டுவிடுவார்கள், பையனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது கேஸ் குறுக்கே நிற்கும். எங்கள் வாப்பா மேலப்பாளையத்தில் ஒரு சைக்கிள் கேஸை ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடித்தார்.

பழைய குமாஸ்தா | மார்ச் 8, இரவு 11.20

ஷார்ஜா தம்பி, உங்க வாப்பா முடித்த கேஸில் எலும்பு முறிந்ததா? சிராய்ப்பும் நெளிந்த ரிம்மும் என்றால் டீக்கடை போதும். எலும்பு முறிந்துவிட்டால் அது சட்டப்படி கொடுங்காயம். அதை டீக்கடையில் முடிக்க முடியாது.

நான் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாக 31 வருசம் இருந்தவன். எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மனுக் கட்டுகளைத் தைத்தே விரல் காய்த்துப்போனது. சேர்மாதேவித் தம்பிக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசியும்.

முதலில் அந்தப் பத்திரம். 60,000 வாங்கிக்கொண்டு, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று அவர் எழுதித் தருவார். நாலு மாதத்தில் கம்பி சரியாகச் சேரவில்லை, இன்னொரு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்வார். அவர் மகன் ஒரு வக்கீலைப் பார்ப்பான். மனு வரும். நீர் பத்திரத்தைக் காட்டுவீர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவனிடம் வாங்கிய கையெழுத்து, என்ன எழுதியிருக்கிறது என்றே எனக்குத் தெரியாது என்பார் அவர். நீர் கொடுத்த 60,000ஐ வேண்டுமானால் கழித்துக்கொள்வார்கள். பத்திரத்தை நம்பி மனுவையே தள்ளுவது நான் பார்த்தவரை அபூர்வம். அதோடு, நீரே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கொடுத்ததற்கு நீரே எழுதிவைத்த சாட்சி அது. பாலிசி நிபந்தனையை எடுத்துப் பாரும். கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்று அதில் இருக்கும்.

இரண்டாவது, யார் மேல் யார் மோதினார்கள் என்ற உம்முடைய கேள்வி. கோர்ட் அதைப் பார்ப்பதில்லை. யார் எந்த அளவுக்குக் கவனக்குறைவாக இருந்தார்கள் என்றுதான் பார்க்கும். நிற்காமல் மெயின் ரோட்டில் ஏறியது அவர் தப்பு. குவியல் மறைக்கிற இடத்தில் ஹாரன் கொடுக்காமல், வேகத்தைக் குறைக்காமல், சட்டென்று இடது பக்கம் வந்தது உம்ம வண்டியின் தப்பு. இரண்டையும் நூற்றுக்கு இவ்வளவு என்று பங்கு போடுவார்கள். அவர் பங்கு 30 என்றால் நஷ்டஈட்டில் 30 சதவீதம் கழிந்துபோகும், மீதி 70 உம்ம பக்கம். உம்ம பக்கம் என்றால் உம்ம சட்டைப்பையிலிருந்து இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து. அதற்குத்தானே 1988 மோட்டார் வாகனச் சட்டம் 146ஆம் பிரிவில் நம் வண்டியால் அடிபடுகிறவருக்கான மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது என்று வைத்திருக்கிறது.

மூன்றாவது, எஃப்.ஐ.ஆர். நாளைக் காலையில் போய்க் கொடும். விபத்து நடந்தால் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் போலீசுக்குச் சொல்வதும் டிரைவரின் கடமை, 134ஆம் பிரிவு. பாதியை நல்லபடியாகச் செய்துவிட்டீர். மீதிப் பாதியை ஏன் விட்டீர்?

காலைச் சக்கரம் | மார்ச் 9, காலை 5.10

பெருமாள்புரத்திலிருந்து தினமும் 40 கிலோமீட்டர் மிதிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். “அவர்தான் வந்து மோதினார்” என்பதை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். பால்காரர் சைக்கிளை என்றைக்காவது ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பின்னால் இரண்டு பக்கமும் கேன் தொங்கும். நிரம்பியிருந்தால் 40 கிலோ சர்வசாதாரணம். மண்பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏற வேண்டுமென்றால் முன்கூட்டியே வேகம் எடுத்து மிதித்தால்தான் ஏறும். ஏற்றத்தில் நின்றால் வண்டி பின்னால் இழுத்துக் கவிழ்த்துவிடும். அவர் நிற்காமல் வந்ததற்குத் திமிர் காரணம் இல்லை.

அதற்காக அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. பி.என்.எஸ். (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 281ஆம் பிரிவு, பொதுவழியில் கண்மூடித்தனமாக எந்த வாகனத்தை ஓட்டினாலும் பொருந்தும். மோட்டார் வாகனம் என்று அதில் இல்லை, சைக்கிளும் சேர்த்திதான். ஆனால் மோதினால் எலும்பு உடைவது யாருக்கு என்று பாருங்கள்.

நெல் குவித்தவரைப் பற்றி யாருமே பேசவில்லையே, கவனித்தீர்களா? மாசி, பங்குனியில் அந்த ரோட்டில் காலை இருட்டில் போகிற எங்களுக்குத்தான் அந்தக் கல்லைப் பற்றித் தெரியும். நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், சுற்றி வைத்த கல்லை விட்டுவிடுவார்கள்.

சேர்மாதேவிக்காரன் | மார்ச் 9, காலை 7.30

திமிர் என்று நான் சொல்லவே இல்லை. எனக்கும் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. தங்கச்சி மகன் நேற்றிலிருந்து சாப்பிடாமல் கிடக்கிறான். ஸ்டேஷனுக்குப் போகத்தான் யோசிக்கிறேன். ஆனால் பாலிசியே இல்லை என்றால் 2,000 அபராதமும் கட்டி, நஷ்டஈடு முழுவதையும் நானேதானே கொடுக்க வேண்டும்?

சர்வே அண்ணாச்சி | மார்ச் 9, காலை 8.15

தம்பி, கார் எப்போது வாங்கினது? புது வண்டியா, செகண்ட் ஹேண்டா?

சேர்மாதேவிக்காரன் | மார்ச் 9, காலை 8.22

புதுசு. 2023 ஆவணியில் எடுத்தது.

சர்வே அண்ணாச்சி | மார்ச் 9, காலை 9.05

அப்படியென்றால் கொஞ்சம் மூச்சு விடுங்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார் வாங்கும்போதே மூன்றாம் நபர் இன்சூரன்ஸை 3 வருசத்துக்குச் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியை மட்டும் வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும். ஏஜென்ட் முடிந்துபோனது என்று சொன்னது அந்தப் பகுதியாக இருக்கும். அவருக்குக் கமிஷன் அதில்தானே, நினைவிலும் அதுதான் நிற்கும். ஷோரூமில் கொடுத்த முதல் பாலிசித் தாளைத் தேடி எடுங்கள். இரண்டு தேதி போட்டிருக்கும். மூன்றாம் நபர் பகுதி 2026 ஆகஸ்ட், செப்டம்பர் வரை ஓட வேண்டும். தாள் கிடைக்காவிட்டால் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

நான் 26 வருசம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆக்சிடென்ட் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, எங்கே நெளிந்திருக்கிறது என்பதை வைத்தே பாதிக் கதை சொல்லிவிடுவேன். உங்கள் கதவில் நெளிவு முன்பக்கக் கீல் பக்கமா, பின்பக்கக் கைப்பிடி பக்கமா? மிரர் முன்னால் மடங்கியதா, பின்னால் மடங்கியதா? மிரர் பின்னோக்கி மடங்கி உடைந்திருந்தால் உங்கள் வண்டி முன்னால் போன வேகத்தில் அவர் மேல் உரசியது என்று அர்த்தம். கதவு நடுவில் குழி மாதிரி உள்ளே போயிருந்தால் சைக்கிள் ஹேண்டில் வந்து குத்தியது. எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) இதைத்தான் பார்ப்பார். அவர் பார்க்கும்வரை டிங்கரிங் பண்ணிவிடாதீர்கள், மிரரைக்கூடத் தொடாதீர்கள்.

நிறையப் பேர் நோ கிளெயிம் போனஸ் (கிளெயிம் செய்யாமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும் என்று பயந்துதான் கையில் காசு கொடுத்து முடிக்கிறார்கள். அந்தப் போனஸ் சொந்த வண்டிச் சேதத்துக்குக் கிளெயிம் செய்தால்தான் போகும். மூன்றாம் நபருக்குக் கம்பெனி எத்தனை லட்சம் கொடுத்தாலும் உங்கள் போனஸில் ஒரு பைசா குறையாது. இதை எந்த ஏஜென்டும் சொல்லிக் கேட்டதில்லை.

உங்கள் கதவு உங்கள் செலவுதான், சொந்தச் சேதப் பகுதியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டீர்களே. பால்காரருடைய சைக்கிள், கேன், கொட்டிப்போன பால் எல்லாம் சட்டத்தின் பார்வையில் மூன்றாம் நபர் சொத்து. தனியார் காருக்கு அந்த வகையில் ஏழரை லட்சம் வரை பாலிசியில் இடம் உண்டு. அவருடைய சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, உங்கள் காருக்கு இல்லை. அதை வாங்கி வைத்திருக்கிறதும் நீங்கள்தான்.

தச்சநல்லூர் ராஜா | மார்ச் 9, பிற்பகல் 1.40

ஏஜென்ட் சொன்னதில் என்ன தப்பு? எல்.எல்.ஆர். பையன் ஓட்டினான் என்றால் கம்பெனி கையை விரித்துவிடும். மாமா ஓட்டினார் என்று எழுதினால் எல்லாருக்கும் நல்லது, பால்காரருக்கும் பணம் கிடைக்கும். டிரைவரை மாற்றுவது ஊரில் நடக்காததா?

நெறியாளர் | மார்ச் 9, பிற்பகல் 2.00

ராஜா, பொய் வாக்குமூலம் கொடுக்க யோசனை சொல்லும் பதிவுகள் இங்கே வேண்டாம். பதில் வரட்டும் என்பதற்காக நீக்காமல் விட்டிருக்கிறேன்.

பழைய குமாஸ்தா | மார்ச் 9, மாலை 6.30

நெறியாளர் நீக்காதது நல்லது. இதே யோசனையை எங்கள் ஆபீஸ் வாசலிலேயே நூறு பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கம்பெனி ஒரு புலனாய்வாளரை அனுப்பும். அவர் பத்தமடையில் டீ குடித்துக்கொண்டே பத்துப் பேரிடம் கேட்பார். யார் ஸ்டியரிங்கில் இருந்தது என்பது காலை ஆறரைக்கே ஊருக்குத் தெரியும். பொய் என்று ஆகிவிட்டால், இருக்கிற பாதுகாப்பையும் நீரே உடைத்த மாதிரி. இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கே பொய்க்குத் தேவையே இல்லை. எல்.எல்.ஆரும் லைசென்ஸ்தான். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியாயிற்று. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3ஆம் விதி கேட்பது, லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், வண்டியின் முன்னும் பின்னும் எல் போர்டு இருக்க வேண்டும். நீர் பக்கத்தில் இருந்தீர். எல் போர்டு ஒட்டியிருந்தீரா?

சேர்மாதேவிக்காரன் | மார்ச் 9, மாலை 6.41

பின்னால் மட்டும். பேப்பரில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினது. முன்னால் ஒட்டினது போன வாரம் மழையில் போய்விட்டது.

பழைய குமாஸ்தா | மார்ச் 9, மாலை 7.15

சரி, அதை வைத்துக் கம்பெனி வக்கீல் கொஞ்சம் ஆடுவார், ஆடட்டும். கம்பெனி சொல்வது முழுக்க எடுபட்டாலும், விபத்து நஷ்டஈட்டு மனுவை விசாரிக்கிற டிரிப்யூனல் பொதுவாக என்ன செய்யும் தெரியுமா? முதலில் அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுக்க வேண்டும், அப்புறம் வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போடும். பால்காரருக்கு எப்படியும் பணம் கிடைக்கும். ராஜாவின் கவலை அதோடு தீர்ந்தது. உமக்குத்தான் கொஞ்சம் ஆபத்து மிச்சம் இருக்கிறது. முன் எல் போர்டு இல்லாததால்தான் விபத்து நடந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும், அது லேசில் முடியாது. பின்னால் ஒட்டின பேப்பரைப் பிய்த்துவிடாதீர், இப்போதே போட்டோ எடும்.

முக்கூடல் பொண்ணு | மார்ச் 9, இரவு 10.30

எல்லாரும் கார்க்காரர் பக்கமே பேசிக்கொண்டிருப்பதால் நான் சைக்கிள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

2023இல் எங்கப்பா பீடிக் கட்டுகளைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு சைக்கிளில் திரும்பும்போது ஒரு கார் பின்னால் தட்டிவிட்டது. இடுப்பெலும்பு. கார்க்காரர் நல்லவர், அவரே பக்கத்திலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார், அட்வான்ஸும் கட்டினார். போலீஸ் வந்தால் ஆஸ்பத்திரிக்கும் தொல்லை, நமக்கும் தொல்லை, சைக்கிளிலிருந்து தவறி விழுந்ததாகச் சொல்லிவிடலாம் என்று அங்கேயே பேசி முடிவாயிற்று. எங்க சித்தப்பாதான் அப்படிச் சொன்னார். வரவேற்பில் இருந்தவர்கள் அதையே எழுதிக்கொண்டார்கள்.

மூன்று வாரத்தில் கார்க்காரர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். நாங்கள் மனுப் போட்டோம். கம்பெனி வக்கீல் ஒரே ஒரு தாளை நீட்டினார். விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். காப்பி என்பார்கள். “சைக்கிளிலிருந்து தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது” என்று அதில் ஒரே ஒரு வரி. கீழே எங்க சித்தப்பா கையெழுத்து. காரே சம்பந்தமில்லை என்று ஆகிவிட்டது. அப்பா இன்னும் விந்தி விந்தித்தான் நடக்கிறார்.

சேர்மாதேவி அண்ணா, பால்காரர் வீட்டில் யாராவது பொண்ணு இருந்தால் இந்த ஒரு தாளைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

காலைச் சக்கரம் | மார்ச் 10, காலை 5.20

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இன்று மிதிக்கப் போகவில்லை.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் “இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48” திட்டம் 2021 டிசம்பர் 18 முதல் இருக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. அட்வான்ஸுக்காக யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. எங்கள் சைக்கிள் கூட்டத்தில் படித்தவர்களுக்கே இது பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

ஷார்ஜா நெல்லை | மார்ச் 10, காலை 9.00

சரி, என் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். கோர்ட்டில் போனால் பால்காரருக்கு உண்மையில் எவ்வளவுதான் கிடைக்கும்? 60,000க்குக் கீழே போய்விட்டால் அவருக்குத்தானே நஷ்டம்?

பழைய குமாஸ்தா | மார்ச் 10, இரவு 8.45

நல்ல கேள்வி. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது மாதிரிக் கணக்குத்தான். சம்பாத்தியமும் ஊனச் சதவீதமும் என் ஊகம், நிஜத்தில் அதை மெடிக்கல் போர்டும் ஜட்ஜும் முடிவு செய்வார்கள்.

பால்காரருக்கு மாசம் 12,000 வருமானம் என்று வையும். வருசத்துக்கு 1,44,000. சொந்தத் தொழில், வயது 50க்கு மேல் 60க்குள், எதிர்கால வருமானத்துக்கு 10 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆக 1,58,400. வயது 52க்குப் பெருக்க வேண்டிய எண் 11, அது 2009 சர்லா வர்மா தீர்ப்பில் உள்ள அட்டவணை. பெருக்கினால் 17,42,400. கால் முறிந்தது உழைப்பை 10 சதவீதம் பாதித்தது என்று வைத்தால் 1,74,240. ஆறு மாசம் வேலைக்குப் போக முடியாததற்கு 72,000. வலி, சத்துணவு, துணைக்கு இருந்தவர், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 60,000. மொத்தம் 3,06,240.

அவர் பங்குத் தப்பு 30 சதவீதம் என்றால் கையில் 2,14,368. வட்டி தனி.

இப்போது அடுத்த பக்கத்தைப் பாரும். 2022 ஏப்ரல் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 164ஆம் பிரிவு புதுசாக இருக்கிறது. யார் மேல் தப்பு என்றே கேட்காமல், மரணம் என்றால் 5 லட்சம், கொடுங்காயம் என்றால் இரண்டரை லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். அதாவது இந்தக் கணக்கில், யார் மோதினார் என்ற சண்டையைப் போடாமலே கிடைக்கிற தொகை, சண்டை போட்டுக் கிடைப்பதைவிட அதிகம்! ஆனால் ஒன்றை எடுத்தால் இன்னொன்று கிடையாது. 164இல் வாங்கிக்கொண்டால், தப்பை நிரூபித்து நஷ்டஈடு கேட்கிற 166ஆம் பிரிவு மனு காலாவதி. ஊனம் 10க்குப் பதில் 25 சதவீதம் என்று போர்டு சொன்னால் கணக்கே தலைகீழாகும். அதனால் போர்டு சொல்லும்வரை அவர் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. உம்ம பத்திரம் உட்பட.

நாள் கணக்கும் முக்கியம். 166இல் மனுப் போட விபத்திலிருந்து ஆறு மாசம்தான். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது, அதை நம்பி உட்காரக் கூடாது. விபத்து நடந்த ஊரிலோ, அவர் குடியிருக்கிற ஊரிலோ, எதிர்தரப்பு இருக்கிற ஊரிலோ எங்கே வேண்டுமானாலும் மனுப் போடலாம்.

அதிக நாள் இழுக்கும் என்ற பயம் இருந்தால் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் பேசுகிற அதே பேச்சுவார்த்தைதான், ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் கம்பெனி உட்கார்ந்திருக்கும். அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது, உமக்கும் நிம்மதி.

தச்சநல்லூர் ராஜா | மார்ச் 10, இரவு 9.10

சரி அண்ணாச்சி, ஒத்துக்கிடுதேன். ஆனா நெல் குவிச்சவன் மட்டும் தப்பிச்சிட்டானே?

பழைய குமாஸ்தா | மார்ச் 10, இரவு 9.25

தப்பிக்க வேண்டும் என்றில்லை. ரோட்டில் தடை போட்டவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம், அவருக்கும் ஒரு பங்கு விழலாம். ஆனால் யார் நெல் என்று நிரூபிக்க வேண்டும். குவியல் இந்நேரம் அரவை மில்லுக்குப் போயிருக்கும்.

சேர்மாதேவிக்காரன் | மார்ச் 14, இரவு 9.50

நாலு நாள் எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமையே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். பி.என்.எஸ். 281, 125 பிரிவுகள், ஜாமீனில் விடக்கூடியவைதான். பையனை ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட்டார்கள். அவன்தான் ஓட்டினான் என்று அவனே சொன்னான். ஏட்டையா எங்களைவிட ஆச்சரியப்பட்டார். “ஓட்டுனவனே வந்திருக்கான்” என்று ரைட்டரிடம் சொல்லிச் சிரித்தார். வண்டி மூன்று நாள் அங்கே நின்றது, எம்.வி.ஐ. பார்த்ததும் விட்டுவிட்டார்கள்.

சர்வே அண்ணாச்சி சொன்னது அச்சு அசல். பீரோவில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் பாலிசி கிடந்தது. மூன்றாம் நபர் பகுதி 2026 ஆகஸ்ட் கடைசி வரை. கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, வாங்கினதற்கு அடையாளமாக சீல் போட்டு வாங்கிவிட்டேன்.

கதவில் குழி கைப்பிடிக்குப் பக்கத்தில், வட்டமாக. மிரர் பின்னோக்கித்தான் மடங்கியிருக்கிறது. அப்படியென்றால் இரண்டும் நடந்திருக்கிறது போல. நாங்களும் உரசியிருக்கிறோம், அவரும் குத்தியிருக்கிறார். இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நேற்று ஹைகிரவுண்டுக்குப் போய்ப் பார்த்தேன். கம்பி வைத்துவிட்டார்கள். நான் என்ன பேசுவது என்று தெரியாமல் ஆரஞ்சுப் பையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் முதலில் கேட்டது, “தம்பி எப்படி இருக்கான்? பயந்துருப்பான்லா.” அப்புறம் பத்து நிமிஷம் மாட்டைப் பற்றியே பேசினார். மச்சினர் கறந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்கிறதாம். சைக்கிளில் வேகம் எடுத்துத்தான் ஏறினேன் என்று அவராகவே சொன்னார். காலைச் சக்கரம் சொன்ன அதே காரணம். பத்திரம் வேண்டாம், மனுவாகவே போடுங்கள், கம்பெனி கொடுக்கட்டும் என்று சொன்னதும் மச்சினருக்கு முகம் மாறிவிட்டது. பத்தாவது படிக்கிற மகள் மட்டும் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஏ.ஆர். காப்பியைப் பார்க்கச் சொன்னேன். கார் மோதியதாகத்தான் பதிவு இருக்கிறது. முக்கூடல் அக்காவுக்கு நன்றி.

கதவுக்கும் மிரருக்கும் சேர்த்து பேட்டையில் ஒரு பட்டறையில் 14,000 சொன்னார்கள். அதை அவரிடம் கேட்கச் சட்டத்தில் வழி உண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பழைய குமாஸ்தா | மார்ச் 14, இரவு 10.20

வழி உண்டு. சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை, அதற்குக் கட்டாய இன்சூரன்ஸும் இல்லை. அதனால் டிரிப்யூனலில் முடியாது, முன்சீப் கோர்ட்டில் சாதாரண வழக்காகப் போடலாம். அவர் பங்கு 30 என்றால் 14,000இல் 4,200. வக்கீல் பீஸ் அதைவிட அதிகம். போடாதீர்.

ஸ்கெட்ச்சைப் பார்த்தீரா? போலீஸ் வரைந்த ரஃப் ஸ்கெட்ச்சில் நெல் குவியல் இருக்கிறதா?

சேர்மாதேவிக்காரன் | மார்ச் 14, இரவு 10.31

இல்லை. ரோடு, கால்வாய், மண்பாதை மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் வருவதற்குள் நெல்லை அள்ளிவிட்டார்கள். கல் மட்டும் கிடந்தது. ஆனால் அன்று தொங்கின மிரரைப் பையன் தன் அம்மாவுக்கு அனுப்ப போட்டோ எடுத்திருக்கிறான். அதன் ஓரத்தில் நீலத் தார்ப்பாயும், அதன் மடிப்பில் பாலும் தெரிகிறது.

பழைய குமாஸ்தா | மார்ச் 14, இரவு 10.38

அந்தப் படம் எடுத்த போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம் என்று பையனிடம் சொல்லும். பிரிண்ட் போட்டால் மட்டும் செல்லாது, புதிய சாட்சியச் சட்டத்தில் 63ஆம் பிரிவுச் சான்றும் கூட வேண்டும். உம்ம வக்கீலிடம் ஒரு பிரதி கொடும். அந்தப் பொண்ணுக்கும் ஒன்று அனுப்பும், அது அவங்க அப்பாவுக்கும் தேவைப்படும்.

சேர்மாதேவிக்காரன் | மார்ச் 14, இரவு 10.52

அனுப்பிவிட்டேன். “தார்ப்பாய்ல எங்க பால்தான் அண்ணா” என்று பதில் வந்திருக்கிறது.